கடல் கடந்த சித்திரங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



காலையில் கவியரங்கம் நிகழ்ந்தது. மாலையில் பட்டிமண்டபம் நிகழவிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, உண்ட மயக்கம் தீராத இந்நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், ‘ஐயா, அச்சுப்பிழை ஏதும் நேர்ந்துவிட்டதா?’ என்று தொலைபேசியில் வினவினார். அச்சுப்பிழை அன்று. ‘அனிமே’ என்று இன்றைய இளைஞர் அழைக்கும் ஜப்பானியச் சித்திரப் படங்கள், உரிமம் பெற்று அயல்நாடுகளுக்குச் செல்லும் வணிகத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் கணக்கேட்டைப் பிரிப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். பிரிக்க வேண்டிய தேவை எனக்கு வந்துவிட்டது.

அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, என் மகள்வழிப் பேத்தி. பதினேழு வயது. அவளுக்குக் கம்பனைக் கற்பிக்க நான் மேற்கொண்ட முயற்சி அயோத்தியா காண்டத்தைத் தாண்டவில்லை. அவளோ எனக்கு மியாசாகியின் படங்கள் அனைத்தையும் கற்பித்து முடித்துவிட்டாள். மற்றொன்று, நம் வட்டத்தின் வெளியீட்டுப் பொறுப்பு என்னிடம் இருப்பது. பொருளாளர் இல்லத்து மாடிப்படிக்குக் கீழே 312 நூற்பிரதிகள் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை உங்களுள் சிலர் அறிவீர்கள். அவற்றைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

ஓர் அனிமேத் தொடரை அமெரிக்க நிறுவனம் ஒன்று ‘வாங்கியது’ என்று செய்தித்தாள்கள் எழுதும். உண்மையில் அங்கே எதுவும் வாங்கப்படுவதில்லை. இன்ன நிலப்பரப்பில், இன்ன மொழியில், இன்ன வடிவில், இத்தனை ஆண்டுகளுக்கு வெளியிட்டுக்கொள்ளலாம் என்னும் இசைவே பெறப்படுகிறது. நம் திரைப்பட விநியோகஸ்தர்களுக்கு இது புதிதன்று. ஏரியா பிரித்துக்கொண்டு, ‘எம்.ஜி.’ என்று சுருக்கமாக வழங்கும் மினிமம் கேரண்டித் தொகையை முன்னதாகச் செலுத்துகிறார்கள் அல்லவா? அதுவேதான். படம் ஓடினால் அத்தொகை கழிந்த பின்னர் பங்கு பிரியும். ஓடாவிட்டால் கொடுத்த பணம் கொடுத்ததுதான். சித்திரப் படத்தில் இதற்குமேல் செலவுகள் தொடங்குகின்றன. மூலப்பிரதிக்குக் கட்டணம், மொழிபெயர்ப்பு, குரல் கொடுப்போர் ஊதியம், வசன வரிகள், வட்டு அச்சிடல், விளம்பரம் எனப் பட்டியல் நீளும். உறையில் இடும் படம் முதல் பாத்திரப் பெயரின் எழுத்துக்கூட்டல் வரை ஒவ்வொன்றுக்கும் தோக்கியோவிலிருந்து ஒப்புதல் வரவேண்டும். பருவம் தவறிய மழைபோல அவ்வொப்புதல் வந்து சேர்வதும் உண்டு.

தோக்கியோவில் ஒப்புதல் தருபவர் யார்? படத்தை வரைந்தவர்கள்தாம் உரிமையாளர்கள் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அவ்வாறில்லை. ‘தயாரிப்புக் குழு’ என்னும் கூட்டமைப்பே படத்திற்கு உரியது. மூலச் சித்திரக்கதையை வெளியிட்ட பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை செய்வோர், விளம்பர முகவர் ஆகியோர் ஆளுக்கொரு பங்காகப் பணமிட்டு இக்குழுவை அமைக்கிறார்கள். 1988-இல் வெளிவந்த ‘அகிரா’ திரைப்படத்தின் பின்னணியிலும் இத்தகைய குழு இருந்தது. இதனால் ஒருவருக்கு நேரும் இழப்பு பலருக்கும் பகிர்ந்து போகிறது. அதனாலேயே துணிச்சலான படங்கள் பிறக்கவும் முடிகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் உரிமம் கேட்டு வந்தால், ஒளிநாடா உரிமை ஒருவரிடம், பாடல் உரிமை வேறொருவரிடம், பொம்மை உரிமை மற்றொருவரிடம் என்று பிரிந்து கிடக்கும். ஐந்து மருமகள்கள் உள்ள வீட்டில் அரிசிப் பானையின் திறவுகோலைத் தேடுவது போன்ற நிலை. இரவு பகலாய் அமர்ந்து வரைந்த ஓவியருக்கு, படம் உலகெங்கும் ஓடினாலும், குழுவில் அவருடைய நிறுவனம் பங்கு வைத்திருந்தாலன்றித் தனியே எதுவும் வருவதில்லை. ஜப்பானிய அசைவூட்டப்படச் சங்கத்தின் அறிக்கைகளின்படி, 2020-ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளிநாட்டுச் சந்தை உள்நாட்டுச் சந்தையை விஞ்சியது. 2023-இல் மொத்தச் சந்தை சுமார் 3.3 இலட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேற்பட்டது வெளிநாட்டுச் சந்தை. அத்தனை பெரும் புனலில் வரைபவர் வயலுக்குப் பாய்வது எவ்வளவு என்பதே அங்கு இன்றும் நடக்கும் வழக்கு.

தொடக்கம் மிக எளிமையானது. 1963-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, ஒசாமு தெசுகாவின் ‘டெட்சுவான் அட்டொமு’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அவ்வாண்டே அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தின் வணிகக் கிளை அதன் உரிமத்தைப் பெற்று, ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்னும் பெயரில் வெளியிட்டது. ஆங்கில வடிவத்தை அமைத்தவர் ஃபிரெட் லாட். 193 பகுதிகளுள் 104 மட்டுமே ஆங்கிலம் பேசின. பெருமூக்குடைய பேராசிரியர் ஒச்சனோமிசு ஆங்கிலத்தில் ‘டாக்டர் எலிஃபன்’ ஆனார். பெயரிலேயே யானை நுழைந்துவிட்டது! தெசுகாவின் முஷி நிறுவனம் 1973-இல் நொடித்துப்போனது. சில ஆண்டுகளில் என்.பி.சி.யின் உரிமக் காலமும் முடிந்தது. திருப்பி அனுப்பப் பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் அப்பிரதிகள் அழிக்கப்பட்டன என்று லாட் தெரிவித்திருக்கிறார். இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்கு நான் திரும்பி வருவேன்.

அடுத்து வந்த இருபதாண்டுகளில் வெட்டும் ஒட்டுமே வழக்கமாயின. 105 பகுதிகள் கொண்ட ‘கட்சமான்’ 1978-இல் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ என்னும் பெயரில் 85 பகுதிகளாக அமெரிக்கா சேர்ந்தது. குழந்தைகள் காணத்தகாதவை என்று வன்முறைக் காட்சிகளை நீக்கினார்கள். நீக்கிய இடம் வெறுமையாகக் கிடக்குமே! அதை நிரப்ப, மூலத்தில் இல்லாத ஓர் எந்திர மனிதனைப் புதிதாக வரைந்து, இடையிடையே பேச வைத்தார்கள். பூமியில் நடந்த கதை விண்வெளிக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பெற்ற வெற்றியே அக்குடிபெயர்வுக்குக் காரணம்.

‘ரோபோடெக்’ கதை இதனினும் விந்தையானது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரம் ஒளிபரப்பத்தக்க தொடரையே விரும்பின. பெருக்கிப் பாருங்கள், 65 பகுதிகள் வேண்டும். ஹார்மனி கோல்டு நிறுவனம் உரிமம் பெற்றிருந்த ‘மக்ராஸ்’ தொடரிலோ 36 பகுதிகளே இருந்தன. எனவே 1985-இல் கார்ல் மசேக் என்பவர், ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேறிரு தொடர்களை அதனுடன் இணைத்து, மூன்று தலைமுறைகளின் வரலாறாக்கி, 85 பகுதிகளில் ஒரே கதையாகச் சொன்னார். நாமும் சிலம்பையும் மேகலையையும் இரட்டைக் காப்பியம் என்கிறோம். அங்கே மாதவியும் மணிமேகலையும் இரண்டிலும் இருக்கிறார்கள். இங்கே இருந்தது நாட்காட்டி மட்டுமே. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சிறுவர் ஒரு தலைமுறையினர் ‘மக்ராஸை’ அந்த ஒட்டுப்போட்ட ஆடையில்தான் முதலில் கண்டு மயங்கினர். மசேக்கை ஏசியவர்களும் உண்டு. அவர் இல்லையேல் தாம் அக்கலையைக் கண்டிருக்கவே மாட்டோம் என்று வாழ்த்தியவர்களும் உண்டு. இரு சாராரும் கூறுவதில் உண்மை இருக்கிறது. ‘மக்ராஸ்’ உரிமை குறித்து ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாகத் தொடர்ந்த பிணக்கு 2021-இல்தான் உடன்பாட்டிற்கு வந்தது. அதுவரை பிற்கால ‘மக்ராஸ்’ படைப்புகள் பலவும் ஜப்பானுக்கு வெளியே முறையாகக் கால் வைக்க இயலவில்லை. வழக்கு முடிவதற்குள் முதலில் பார்த்த சிறுவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

இனி மியாசாகியிடம் வருகிறேன். 1984-இல் அவர் ஆக்கிய ‘நவுசிகா’ படம், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ எனப் பெயர் மாறியது. இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டுண்டது. காற்றோடும் பூச்சிகளோடும் பேசும் ஓர் இளவரசியின் மௌனங்களே அப்படத்தின் உயிர். வெட்டியவர்கள் மௌனத்தைத்தான் முதலில் வெட்டினார்கள். பேச்சில்லாத இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர்கள் கணக்கு. கவிதையின் வரிகளுக்கு இடையே விடும் வெற்றிடத்தைக் காகிதச் செலவு என்று அச்சகத்தார் நிரவிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் காயத்திற்குப் பிறகு, ஜிப்லி நிறுவனம் ‘வெட்டு இல்லை’ என்பதை உரிம நிபந்தனையாகவே வைத்தது. ‘மொனோனோகே இளவரசி’ 1997-இல் ஜப்பானில் வசூலில் முந்தைய சாதனைகளை முறியடித்தது. அமெரிக்க வெளியீட்டைப் பொறுப்பேற்ற மிராமாக்ஸ் நிறுவனம் அதன் நீளத்தைக் குறைக்க விரும்பியது. தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி, அந்நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு ஜப்பானிய வாளை அளித்து, வெட்டுதல் கூடாது என்று தெரிவித்த செய்தி இன்று பலரும் அறிந்த கதை. வெட்டாதே என்று சொல்ல வாளையே தூது அனுப்பியது எத்தகைய நகைச்சுவை!

படம் வெட்டப்படவில்லை. ஆங்கில உரையாடலை நீல் கெய்மன் என்னும் நல்ல எழுத்தாளர் எழுதினார். 1999-இல் வெளியாயிற்று. அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டிய தொகையோ சுமார் 23 இலட்சம் டாலர் மட்டுமே. சில நாட்களில் அங்கே வெளிவந்த முதல் ‘போக்கிமான்’ திரைப்படம் எட்டரைக் கோடி டாலர் அளவில் ஈட்டியது. கலைஞனின் பிடிவாதம் வென்றது, வணிகம் தோற்றது என்று இதை எளிதாகச் சொல்லி முடித்துவிட முடியாது. ‘ஸ்பிரிட்டட் அவே’ 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடியைப் பகிர்ந்து பெற்று, 2003-இல் ஆஸ்கரும் பெற்றபோது, அதற்குரிய பார்வையாளரை ஆயத்தம் செய்து வைத்திருந்தவற்றுள் வெட்டப்படாத அந்த ‘மொனோனோகே’யும் ஒன்று என்பது என் கருத்து. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஒரு கவிதைத் தொகுதி இருபது பேரிடம் விற்று, அவ்விருபது பேரும் கவிஞராவதை இவ்வட்டத்திலேயே கண்டிருக்கிறேன்.

‘போக்கிமான்’ என்றதும் ஒரு சிறு செய்தி. அத்தொடரில் சிறுவர்கள் உண்பது சோற்றுருண்டை. அமெரிக்கக் குழந்தைக்கு அது விளங்காது என்று ஆங்கிலத்தில் ‘டோநட்’ என்றார்கள். படத்தில் வெள்ளை வெளேரென்று சோறு தெரிகிறது, வாய் வேறெதையோ சொல்கிறது. நம் ஊரில் அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் உருண்டையைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு மொழிபெயர்ப்போர் இத்தகைய இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். ஆங்கிலேயருக்கு விளங்காதது நமக்கும் விளங்காது என்று கொள்ளவேண்டியதில்லை.

வணிகத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நூல் வெளியிடும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. ஒளிநாடாக் காலத்தில் குரல் மாற்றிய பிரதி தனி, வசன வரிகள் இட்ட பிரதி தனி. வரிகள் இட்டதற்கே விலை கூடுதல், வாங்குவோர் குறைவு என்பதால். டி.வி.டி. வட்டு வந்ததும் இரண்டும் ஒரே வட்டில் அமர்ந்தன. இரு சாராரின் சண்டையும் ஓய்ந்தது. கடைகளில் அனிமே அலமாரிகள் நீண்டன. நிறுவனங்கள் போட்டியிட்டு உரிமத் தொகையை ஏற்றின. பார்க்காமலேயே, படம் முடியுமுன்னரே, எம்.ஜி. கொடுத்தார்கள். கடைக்காரரோ விற்காத வட்டுகளைத் திருப்பி அனுப்பும் உரிமையுடன்தான் வாங்கினார். விற்றால் பணம், இல்லையேல் கட்டு திரும்பி வரும். நம் புத்தக விற்பனை நிலையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இவ்வட்டுகளைப் பெருமளவில் விற்றுவந்த ‘சன்கோஸ்ட்’ கடைகளை நடத்திய மியூசிக்லேண்ட் நிறுவனம் திவாலாயிற்று. 2007-இல் ஜெனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை விநியோகத்தை நிறுத்தியது. 2009-இல் சென்ட்ரல் பார்க் மீடியா நொடித்தது. 1992-இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கி, அத்துறையில் முன்னணியில் நின்ற ஏ.டி.வி. நிறுவனமும் அதே ஆண்டில் தன் சொத்துக்களைப் பிரித்து விற்றுவிட்டு மறைந்தது. கலை தோற்றதாலன்று. மக்கள் முன்னைவிட மிகுதியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கே பார்த்தார்கள்? இணையத்தில், விலையின்றி. ஜப்பானில் ஒளிபரப்பான சில நாட்களில், சில வேளை சில மணி நேரத்தில், ஆர்வலர்கள் தாமே மொழிபெயர்த்து வரிகளிட்டு உலவவிட்டார்கள். உரிமம் பெற்ற வட்டு வெளிவர ஓராண்டு, ஈராண்டு ஆயிற்று. இவ்வார்வலர்களைத் திருடர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1980-களில் உரிமம் பெற எவரும் முன்வராத நாளில், நாடாவில் படியெடுத்து அஞ்சலில் அனுப்பியவர்கள் அவர்களே. உரிமம் கிடைத்துவிட்டால் நிறுத்திக்கொள்வது என்ற ஒழுக்கமும் அவர்களுள் பலரிடம் இருந்தது. காலப்போக்கில் அவ்வொழுக்கம் தேய்ந்தது. ஒழுக்கத்தை நம்பி ஒரு தொழில் நிற்க முடியாது என்பதும் தெளிவாயிற்று.

மருந்து, நோய் இருந்த இடத்திலேயே கிடைத்தது. 2006-இல் தொடங்கிய ‘கிரஞ்சிரோல்’ தளம், உரிமமற்ற படங்களைப் பயனர்கள் ஏற்றிவைக்கும் இடமாகத்தான் பிறந்தது. 2009 சனவரியில் அத்தளம் டி.வி. தோக்கியோவுடன் உடன்பாடு செய்துகொண்டு, ‘நருட்டோ’ தொடரின் புதிய பகுதிகளை ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு மணி நேரத்தில் பணம் செலுத்துவோருக்கு வழங்கத் தொடங்கியது. காலதாமதமே திருட்டின் தாய் என்பதை வணிகர்கள் அப்போதுதான் ஒப்புக்கொண்டனர். அந்தத் தளத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், சோனி குழுமம் 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. கள்ளத்தோணி கப்பலாகி, கப்பல் துறைமுகத்தையே வாங்கிவிட்டது என்று என் நண்பர் சொல்வார். இன்று சந்தை சில கைகளுக்குள் அடங்கியிருப்பதைக் காணும்போது, எட்டுப் பத்துச் சிறு நிறுவனங்கள் போட்டியிட்டு, தவறுகள் செய்து, நொடித்துப்போன அந்தக் காலமே மேலோ என்றும் ஒரு கணம் தோன்றுகிறது.

விலைச் சிக்கல் ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். ஜப்பானில் இரண்டு பகுதிகள் அடங்கிய வட்டு 6,000 யென்னுக்கு மேல் விற்பது வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் நான்கு பகுதிகள் 30 டாலருக்குள் கிடைத்தன. டி.வி.டி. வட்டுகளில் இரு நாட்டுக்கும் வெவ்வேறு மண்டலக் குறிகள் இருந்ததால் வேலி இருந்தது. ப்ளூ-ரே வட்டில் ஜப்பானும் வட அமெரிக்காவும் ஒரே மண்டலமாயின. அமெரிக்க வட்டை ஜப்பானியரே வரவழைத்து வாங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஆங்கில வரிகளை நீக்க முடியாதபடி பூட்டிவைக்கும்படியும், வெளியீட்டைத் தள்ளிப்போடும்படியும் ஜப்பானிய உரிமையாளர்கள் கேட்டதுண்டு. மலிவாக விற்றதற்காக அயலூர்க் கடைக்காரர் தண்டனை பெற்றார்.

கவிஞர்களாகிய உங்களுக்கென்று நான் எடுத்துவைத்திருக்கும் செய்தி இனித்தான் வருகிறது. ‘எவாஞ்செலியன்’ தொடர் 1995-இல் ஜப்பானில் தொடங்கியது. அதன் பழைய ஆங்கில வடிவம் ஏ.டி.வி. நிறுவனத்துடையது. 2019 சூனில் நெட்ஃபிளிக்ஸ் அதை உலகெங்கும் வெளியிட்டபோது, மொழிபெயர்ப்பும் புதிது, குரல்களும் புதியன. இருபத்து நான்காம் பகுதியில் ஓர் இளைஞன் மற்றோர் இளைஞனிடம் தன் உள்ளத்தைத் திறக்கும் இடம் உண்டு. அங்கே வரும் ஜப்பானியச் சொல் ‘சுகி’. விருப்பம் முதல் காதல் வரை எவ்வளவு தூரமும் அச்சொல் செல்லும். பழைய ஆங்கிலம் அதைக் காதலென்றே கொண்டது. புதிய ஆங்கிலம் விருப்பம் என்ற அளவில் நிறுத்தியது. இரசிகர்களிடையே பெரும் பூசல். மூலத்தின் மயக்கத்தைக் காத்தேன் என்றது ஒரு தரப்பு. மயக்கத்தைக் காப்பதாகச் சொல்லி உறவையே மறைத்தீர்கள் என்றது மறுதரப்பு. தமிழில் நாம் என்ன செய்வோம்? ‘பிடிக்கும்’ என்ற நம் எளிய சொல் அவ்வளவு தூரத்தையும் நடந்துவிடும் என்று தோன்றுகிறது. ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்பதைத் தாயும் சொல்லலாம், தோழனும் சொல்லலாம், காதலியும் சொல்லலாம். சொல்பவர் குரலே பொருள்.

அத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் ‘ஃப்ளை மீ டு தி மூன்’ என்ற பழைய ஆங்கிலப் பாடலோடு நிறைவுறும். 2019 வெளியீட்டில் பல நாடுகளில் அப்பாடல் இல்லை. ஒரு பியானோ இசை அங்கே வைக்கப்பட்டது. ஜப்பானில் பாடல் அப்படியே இருந்தது. படத்தின் உரிமம் வேறு, பாடலின் உரிமம் வேறு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே பணம் செலுத்த வேண்டும். மனத்தைக் கலக்கும் காட்சிக்குப் பின் அந்த மெல்லிய பாடல் வந்து விழும் முரணே ஒரு கவிதை. பிற நாட்டார் பலருக்கு அக்கவிதையின் ஈற்றடி அச்சிடப்படவில்லை. பழைய மொழிபெயர்ப்பு என்னவாயிற்று? உரிமம் போனதும் அதுவும் புழக்கத்திலிருந்து போயிற்று. குரல் கொடுத்தவர்களின் உழைப்பும், சொற்களைத் தேடியவரின் இரவுகளும் வட்டுகளை வைத்திருப்போர் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

வட்டேனும் இருந்தால் அலமாரியில் இருக்கும். 1994-இல் தொடங்கிய ஃபனிமேஷன் நிறுவனம் சோனியின் கைக்கு வந்து, கிரஞ்சிரோலுடன் இணைக்கப்பட்டபின், அதன் இணையச் சேவை 2024 ஏப்ரல் 2-ஆம் நாள் மூடப்பட்டது. வட்டுகளுடன் வந்த குறியீட்டைப் பதிந்து பெற்ற இணையப் பிரதிகள் புதிய இடத்துக்கு மாற்றித் தரப்படவில்லை. பணம் கொடுத்துத் தம்முடையவை என்று நம்பியிருந்தவை ஓர் இரவில் மறைந்தன. வாங்கியவர்களிடமும் இருந்தது உரிமமே, உடைமையன்று.

தாமதத்தின் உச்சம் எதுவென்றால் நம் இராமகாதையே. ஜப்பானியர் யூகோ சாக்கோவும், நம் நாட்டு ராம் மோகனும் இணைந்து உருவாக்கிய இராமாயணச் சித்திரப் படம் 1993 சனவரியில் தில்லியில் நடந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தமிழ் பேசிக்கொண்டு அது நம் திரையரங்குகளுக்கு வந்தது 2025 சனவரியில். முப்பத்திரண்டு ஆண்டுகள்! சாக்கோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமாகிவிட்டார்கள். பேத்தியுடன் சென்று அதைப் பார்த்தேன். திரும்பும் வழியில், அயோத்தியா காண்டத்துக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தனக்கு இப்போது தெரியும் என்றாள். அதே ஆண்டு செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படம் ஜப்பானில் வெளியாகி இரண்டு மாதத்திற்குள் தமிழ்க் குரலோடு இங்கே வந்தது. முப்பத்திரண்டு ஆண்டு எங்கே, இரண்டு மாதம் எங்கே! எதிர்த்திசையில், நம் ‘முத்து’ திரைப்படம் 1998-இல் தோக்கியோவில் ஓடியதையும் நீங்கள் அறிவீர்கள். கடல் இருபுறமும் கடக்கத்தக்கதுதான்.

இனி மாடிப்படிக்குக் கீழே உள்ள கட்டுகள். வட்டத்தின் நான்காம் ஆண்டில் ஓர் அயல்நாட்டுக் கவிஞரின் 64 கவிதைகளைத் தமிழில் வெளியிட்டோம். மொழிபெயர்த்தவர், இன்று நம்மிடையே இல்லாத நம் மூத்த கவிஞர். மூலப் பதிப்பாளருடன் முறையாக ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஐந்து ஆண்டுகள், 1,000 பிரதிகள். கையொப்பமிட்டவன் நான். அன்று ஐந்து ஆண்டு என்பது நெடுங்காலமாகத் தெரிந்தது. ஆயிரமும் ஓராண்டில் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவை நான் அன்று ஊன்றிப் படிக்கவில்லை. காலம் முடிந்து ஆறு மாதத்திற்குள் விற்காத பிரதிகளை அழித்துவிட்டு, அழித்தோம் என்று கையொப்பமிட்டு மடல் அனுப்ப வேண்டும் என்கிறது அப்பிரிவு.

காலம் முடிந்தது. ஆறு மாதமும் முடிந்தது. இடையில் மூலப் பதிப்பகம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது. புதிய முகவர் புதுப்பிக்க இசைகிறார். முன்பணம் மட்டும் முன்னைப்போல் இருமடங்கு. நம் வைப்புநிதியில் இருப்பது எவ்வளவு என்பது காலையில் வாசிக்கப்பட்ட அறிக்கையில் உள்ளது. திரும்பச் சொல்லி விழாவைக் கெடுக்க மாட்டேன். அந்த 64 கவிதைகளின் தமிழ் நம் கவிஞருடையது. ஒரு சொல்லுக்காக அவர் மூன்று மாதம் காத்திருந்ததை நான் அறிவேன். ஆனால் மூலத்தின் இசைவின்றி அத்தமிழை நாம் மறுபடி அச்சிட முடியாது. சென்ற மாதம் அவருடைய துணைவியார் என்னை அழைத்து, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி வேண்டுமென்றார். ‘அனுப்புகிறேன் அம்மா’ என்று சொன்னேனே ஒழிய, சட்டப்படி எனக்கு அந்த உரிமை உண்டா என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முகவருக்கு இரண்டு வேண்டுகோள்களோடு மடல் எழுதியிருக்கிறேன். முன்பணத்தை இரு தவணையில் ஏற்க வேண்டும் என்பது ஒன்று. எஞ்சிய பிரதிகளை அழிப்பதற்குப் பதிலாக, விலையின்றி ஊர்ப்புற நூலகங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் குடும்பத்துக்கும் அளித்துவிட இசைய வேண்டும் என்பது மற்றொன்று. முடிவு தெரியும் வரை அழிப்பதற்குரிய கெடுவை மூன்று மாதம் நீட்டித்திருப்பதாக அவர்களிடமிருந்து ஒரு சிறு மறுமொழி வந்துள்ளது. மற்றவை குறித்து இன்னும் பதில் இல்லை. இனி வட்டம் செய்யும் எந்த ஒப்பந்தத்தையும் செயற்குழுவில் குறைந்தது மூவர் கடைசிப் பிரிவு வரை படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும் என்று தீர்மானம் ஒன்றை நாளைய பொதுக்குழுவில் முன்மொழியவிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.

கட்டுகளைப் பிரிக்க வேண்டாமென்று பொருளாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழைக்காலம் நெருங்குவதால் கரையானுக்கு மருந்து மட்டும் இட்டு வைத்திருக்கிறார்.